அகலச் சக்கரமும் மாப்பிள்ளை அழைப்பும்

என் பெயர் மருதாசலம். தந்தையார் பெயர் குப்பண்ணன். அகவை எழுபத்திரண்டு நிறைந்து எழுபத்து மூன்று நடக்கிறது. பிறந்தது, வளர்ந்தது, கடைசல் பட்டறை வைத்தது யாவும் இக்கோயமுத்தூரிலேயே. பள்ளியில் நான் கற்றது ஐந்தாம் வகுப்பு. எஞ்சிய கல்வியைக் கிளை நூலகத்திலும் கடைசல் இயந்திரத்தின் முன்பும் நானே தேடிக்கொண்டேன். இதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம். ஒரு செய்தியை உரைக்கப் புகுபவன் தான் யார் என்பதை முதலில் நிறுவிவிட வேண்டும் என்பது என் கொள்கை.

அமருங்கள், தம்பி. அந்த முக்காலி ஆடும், இந்த நாற்காலியில் அமருங்கள். சுவரோரம் சாய்ந்திருக்கும் அவ்விரு சக்கரங்களைப் பார்த்தவுடன் விலை கேட்டீர்கள். நீங்களும் ஒரு வண்டி கட்டுவதாகச் சொன்னீர்கள், அது பின்புறம் அகன்று நிற்க வேண்டும் என்றீர்கள். அந்த ஆசை எனக்கு அயலானதன்று. ஆனால் விலை என்பது கடைசிச் சொல். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. அதைக் கேட்ட பின்னும் விலை கேட்பீராயின் அப்போது பேசுவோம்.

நான் அச்சம் அறியாதவன் அல்லன். அச்சம் அறியாதவன் இயந்திரத்தின் முன் நிற்கத் தகாதவன், அவனுக்கு விரல்கள் மிஞ்சா. எனக்கு விரல்கள் யாவும் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் அந்த வைகாசி மாலையில் எனக்கு நேர்ந்த அச்சம் வேறு இனத்தைச் சேர்ந்தது. இன்றைக்கும் மாடிப்படி இறங்குகையில் என் வலது கால் இல்லாத எதையோ அழுத்திப் பார்க்கிறது. அழுத்திய இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் உடம்பு முழுதும் வேர்த்துவிடுகிறது. என் துணைவியார் கருணாம்பாள் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுவார்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது கடையில் வாங்கிய வண்டி அன்று. பெட்டியில் வந்த வண்டி. புனா நகரத்துப் பட்டறை ஒன்றிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. கண்ணாடியிழையால் வார்த்த உடல் ஒன்று, இரும்புக் குழாயால் கட்டிய சட்டம் ஒன்று, திருகாணிகள் நிறைந்த கோணி ஒன்று, இவ்வளவே. எஞ்சினும் பின் அச்சும் பிரேக்கும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். நான் ஒரு பழைய பியட் காரைப் பிரித்து அவற்றை எடுத்தேன். பூட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மேற்கூரை இல்லை. முன்னால் இரண்டு இருக்கை. பின்னால், சக்கரங்களுக்கு நேர் மேலே, அகலமான ஒரு மேடை. அவ்வளவுதான் வண்டி. ஆனால் தெருவில் இறங்கினால் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

கூரை இல்லாத வண்டி ஒன்று பேட்டையில் இருந்தால் அது எங்கே போய்ச் சேரும்? மாப்பிள்ளை அழைப்புக்குத்தான். கேட்டார்கள், மறுக்கவில்லை. கூலி வாங்கியதில்லை. மாப்பிள்ளை என் பக்கத்து இருக்கையில் அமர்வார், நான் ஓட்டுவேன், முன்னால் பேண்டு வாத்தியம் போகும். அவ்வாறு சில திருமணங்கள் இனிதே நடந்தன. அப்போது வண்டிக்கு மெலிந்த சக்கரங்கள். ஒரு திருமணத்தில் எவனோ ஒருவன், யாரென்று இன்றுவரை தெரியவில்லை, பின்னாலிருந்து சொன்னான்: முன்னால பார்த்தா சிங்கம், பின்னால பார்த்தா சினை புடிக்காத ஆடு. கூட்டம் சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்றிரவு உணவு இறங்கவில்லை.

எனவே சக்கரத்தை அகலப்படுத்தினேன். அதற்கான சக்கரம் இங்கே கிடைக்காது. இரும்பு ரிம்மை நட்டநடுவே அறுத்து, இடையில் ஒரு பட்டையைச் சுற்றி வைத்துப் பற்றவைத்து, கடைசலில் ஏற்றி நானே சீர்செய்தேன். சுழலவிட்டு அருகில் சுண்ணக்கட்டியைப் பிடித்தால் முழுவட்டமாகக் கோடு விழும். எங்கும் விட்டு விழாது. நீங்களே இப்போதும் செய்து பார்க்கலாம், சுண்ணக்கட்டி அந்த மாடத்தில் இருக்கிறது. டயர் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கினேன், ஏதோ அயல்நாட்டு வண்டியில் இருந்தது. மட்கார்டை வெளிப்புறம் கொஞ்சம் அகட்டினேன். அதற்கு மேல் அகட்டினால் அழகு கெடும். ஆகவே மிகுதி அகலத்தை உட்புறம் தள்ளினேன்.

இடைவெளியை நான் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சமதரையில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றிச் சுற்றிலும் பார்த்தேன். உட்புறம் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் ஒன்று வளைந்து தொங்கும். அதற்கும் டயருக்கும் நடுவே என் கையை நீட்டி எடுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. வண்டியில் ஒருவரும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அளவெடுக்கும்போது பொருளின் மேல் பாரம் இருந்தால் அளவு கெடும். இது கடைசல் தொழிலின் பாலபாடம். நான் பட்டறையில் நின்ற இத்தனை ஆண்டுகளில் ஒரு பொருளையும் பாரம் வைத்து அளந்தவன் அல்லன்.

இனி ஆறுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். என் மனக்குறை அவரிடம்தான் தொடங்குகிறது.

ஆறுக்குட்டி என் மைத்துனர், கருணாம்பாளின் உடன்பிறந்த தம்பி. வால்பாறை மலையில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பருத்த உடம்பு. எங்கள் வாசற்படியில் அவர் பக்கவாட்டில்தான் நுழைவார். ஞாயிறுதோறும் உணவுக்கு வருவார், உண்டு முடிக்கும்வரை என்னை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். சக்கரம் ஏறிய வாரம் வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங் மச்சான், முன்னால எலி, பின்னால எருமை. நடுவால எந்தக் கசாப்புக்கடையில ஒட்ட வெச்சீங்க?"

அகன்ற சக்கரம் தரையை நன்கு பற்றும் என்பதை நான் விரிவாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இரண்டு முறுக்குத் தின்றார். பிறகு, பற்றுவது சரி, விடுமா என்று கேட்டார். இதற்கெல்லாம் நான் மறுமொழி சொல்வதில்லை.

வைகாசியில் அடுத்த தெருச் சென்னியப்பன் மகளுக்குத் திருமணம். சென்னியப்பன் எளிய மனிதர், ஒரே மகள். சம்பந்தி வீட்டார் ஏதாவது குறை சொல்லிவிடுவார்களோ என்ற நடுக்கத்திலேயே மாதம் முழுதும் மெலிந்துபோனவர். அவருக்காகவேனும் வண்டி சிறப்பாகப் போக வேண்டும் என்று நான் உறுதி பூண்டிருந்தேன்.

அன்று மாலை பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஆறுக்குட்டி அங்கே நின்றிருந்தார். பட்டு வேட்டி, சட்டைப் பையில் செல்பேசி. வலக்கையில் மலைப்பாதை லாரிக்காரர்கள் சக்கரத்துக்குக் கொடுக்கும் முக்கோணக் கட்டை. திருமண ஊர்வலத்தில், தம்பி, கட்டை. எதற்கு இது என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். கை சும்மா இருந்தால் அரிக்கிறது என்றார். என் வண்டியை அவமதிக்கவே அதை ஏந்தி வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஊர்வலம் முழுவதும் இடப்புறப் பின்சக்கரத்தை ஒட்டியே நடந்தார். சிலர் கட்டையைக் காட்டிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

மாப்பிள்ளை பெங்களூரில் வேலை. உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த தேகம். என் பக்கத்தில் அமர வந்தவரைப் புகைப்படக்காரர் தடுத்தார். மேலே உட்கார்ந்தால்தான் முகம் விழும் என்று பின்மேடையில் ஏற்றிவிட்டார். ஏறியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டாற்போல் பின்னால் தாழ்ந்தது. அது போதாதென்று பிள்ளைகள். மாப்பிள்ளை வண்டியில் குழந்தைகள் ஏறுவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாரில்லை. மாப்பிள்ளையின் மடியில், தோள் பக்கத்தில், மட்கார்டின் மேல், இடுக்கில், எங்கும் பிள்ளைகள். இறக்கிவிடலாம் என்று வாயெடுத்தேன். சம்பந்தி வீட்டு அம்மையார் ஒருவர், ஏறின குழந்தையை இறக்கினால் நல்லதில்லை என்றார். சென்னியப்பன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

புறப்பட்டோம். முன்னால் பேண்டு வாத்தியம், அதன் பின் வரிசைத் தட்டு ஏந்திய பெண்கள், அவர்களுக்குப் பின்னால் என் வண்டி. பெண்களின் கடைசி வரிசையில், என் முகப்புக்கு நேர் முன்னே, கருணாம்பாள். அவருக்கு இரு முழங்காலும் வலி. பழத்தட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்து நடந்துகொண்டிருந்தார்.

முதலில் ஒரு மணம் வந்தது. ரப்பர் காயும் மணம். யாரோ தெருவில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு வாத்தியம் ஒரு பாட்டை முடித்து மறு பாட்டைத் தொடங்கும் இடைவெளியில் ஓர் ஓசை கேட்டது. சர்... சர்... சர்... சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை. மெல்லிய ஓசை, துணியைக் கல்லில் தேய்ப்பதுபோல. வாத்தியம் தொடங்கியதும் அது மறைந்துவிடும். மறைந்ததும் நானும் அது இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த இடைவெளியில் மறுபடியும். சர்... சர்...

நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. மாப்பிள்ளை வண்டி நடுவழியில் நிற்கலாமா? நின்றால் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இளையவர். அதுவுமன்றி, பக்கத்தில் கட்டையோடு ஒருவர் நடந்து வருகிறார். அவர் கேட்கும்படி நான் என்னவென்று நிறுத்துவது? போய்ச் சேர்ந்துவிடலாம், மண்டபம் பக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கைகள் ஸ்டியரிங்கில் வழுக்கத் தொடங்கின. வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பிடித்தேன்.

எங்கள் பேட்டைக்கும் மண்டபத்துக்கும் நடுவே ரயில் பாதை. அதன் அடியில் கீழ்ப்பாலம். இந்தப் பக்கம் இறக்கம், அந்தப் பக்கம் ஏற்றம். பாலத்தின் அடியில் நுழைந்தால் வாத்தியக்காரர்களுக்கு ஒரு வெறி வந்துவிடும். சுவரும் கூரையும் ஓசையைத் திருப்பி அடிக்கும், அவர்கள் இன்னும் ஓங்கி அடிப்பார்கள். வண்டி குலுங்காமல் இறங்கட்டும் என்று கியரை எடுத்துவிட்டு, பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு இறக்கத்தில் விட்டேன்.

பாதி இறக்கத்தில் மிதித்தேன். மிதி பாதிவரை வெறுமையாக இறங்கியது. எடுத்து மறுபடி மிதித்தேன். தரையைத் தட்டியது. மறுபடி மிதிக்க மேலே எதுவும் வரவில்லை. காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, தம்பி. கிணற்றுக்குள் காலை விட்டாற்போல் ஒன்றும் இல்லை.

வண்டி ஓடத் தொடங்கியது. வேகம் ஒன்றும் பெரிதன்று, ஒரு மனிதன் வேகமாக நடக்கும் அளவே. ஆனால் முன்னால் நடப்பவர்கள் அதைவிட மெதுவாக நடந்தார்கள். கைப்பிரேக்கை இழுத்தேன். சேற்றில் நட்ட குச்சிபோல் எளிதாக மேலே வந்தது. கைப்பிரேக் என்பது நின்ற வண்டியை நிறுத்தி வைப்பதற்கே ஒழிய ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு அன்று, ஆகவே அதை நான் குறை சொல்லமாட்டேன். கியரைத் தேடினேன். பல் கடிக்கும் ஓசைதான் வந்தது. இடப்புறச் சுவரோரம் பெண்கள். வலப்புறம் எதிரே ஒரு நகரப் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கே திருப்புவது?

ஒலிப்பானை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். என்ன நடந்தது தெரியுமா? பின்னால் பிள்ளைகள் கூவி மகிழ்ந்தார்கள். தட்டு ஏந்திய பெண்கள் ஓரிருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தார்கள். பேண்டுக்காரர்கள் என் ஒலிப்பானுக்கு எதிர்ப்பாட்டுப் போல அடித்தார்கள். நான் அழுத்த அவர்கள் அடிக்க, பாலமே அதிர்ந்தது. வாய்விட்டும் கத்தினேன் என்றே நம்புகிறேன். என் தலைக்குப் பின்னாலேயே இருந்த மாப்பிள்ளை தமக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

கருணாம்பாள் மட்டும் திரும்பவில்லை. சரிவில் இறங்கும்போது அவர் திரும்பமாட்டார், திரும்பினால் கால் தடுமாறும். ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து, மறு காலை அதனோடு சேர்த்து, மறுபடி ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். கொண்டையில் கனகாம்பரம். கழுத்துக்குக் கீழே வேர்வையில் இரவிக்கை நனைந்திருந்தது. அந்த நனைவின் வடிவம் எனக்கு இன்றைக்கும் தெரியும். அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது வண்டி முக்கியது. பின்னால் எதுவோ பிடித்து இழுத்தாற்போல் ஒரு முக்கல். மாப்பிள்ளை என் முதுகின் மேல் சரிந்தார், அவருடைய மாலை என் முகத்தை மூடியது. மாலையை விலக்கிப் பார்த்தேன். வண்டி நின்றிருந்தது. கருணாம்பாளின் சேலைத் தலைப்பு என் வண்டியின் முகப்பில் பட்டு வழிந்து, அவர் அடுத்த அடி எடுத்து வைக்க, விலகிப் போயிற்று. அவருக்கு ஒன்றும் தெரியாது.

இடப்பக்கம் பார்த்தேன். ஆறுக்குட்டி குனிந்து நின்றார். கட்டை என் சக்கரத்துக்கு முன்னால் செருகியிருந்தது. செருகிய வேகத்தில் ரிம்மின் மெருகில் ஒரு கீறல். அதோ, அந்தச் சக்கரத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். நிதானமாகச் செருகியிருந்தால் அது விழுந்திராது.

அவர் வண்டியின் அடியில் பார்த்தார். தார்ச்சாலையில் நாங்கள் வந்த வழியெல்லாம் ஈரமாக ஒரு கோடு. பிரேக் எண்ணெய். அவர் முகம் எப்படி ஆயிற்று என்பதைச் சொல்ல எனக்கு மனமில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, சக்கரத்தடியில் தேங்கிய ஈரத்தின் மேல் போட்டு, செருப்புக் காலால் அழுத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்தபோது பழைய ஆறுக்குட்டி.

மாப்பிள்ளைக்கு மாலை சரிந்துவிட்டது, நிறுத்திச் சரிசெய்யுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். பெண்கள் நின்றார்கள். வாத்தியம் நின்றது. சென்னியப்பன் ஓடி வந்தார், என்ன குறை நேர்ந்ததோ என்று. ஆறுக்குட்டி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"பாலம் தாண்டுனா மண்டபம், பொண்ணு ஊட்டு எல்லைங்களே. இங்கிருந்து மாப்பிள்ளைய எஞ்சின் இழுக்கப்படாது. பொண்ணு ஊட்டு ஆளுங்கதான் தள்ளிக்கிட்டுப் போகோணும். அதான மொறை?"

அப்படி ஒரு முறை இந்த மண்ணில் எந்தச் சாதியிலும் கிடையாது. நான் நூல்களில் படித்ததில்லை, பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுமில்லை. ஆனால் சென்னியப்பனுக்கு ஒரு முறையை விட்டுவிட்டோம் என்ற பேச்சு வரக்கூடாது. ஆமாம் ஆமாம், அதுதான் முறை என்றார். சம்பந்தி வீட்டாரும் தங்களுக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள விரும்பாமல், அதுதான் முறை என்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்து வண்டியைப் பிடித்தார்கள்.

ஆறுக்குட்டி என் காதருகே குனிந்தார்.

"எஞ்சினை அமத்துங்க மச்சான். ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். சிரிங்க."

இறக்கத்தின் மீதியை ஆட்கள் முன்னால் நின்று தாங்கி இறக்கினார்கள். ஏற்றத்தில் பின்னால் நின்று தள்ளினார்கள். எனக்கு அச்சம் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். இப்போது அது இடம் மாறி வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டது. ஏற்றத்தில் தள்ளுபவர்கள் ஒரு கணம் தளர்ந்தால் அத்தனை பாரமும் அவர்கள் மார்பின் மேல் உருளும். ஆறுக்குட்டி சக்கரத்தின் பின்புறம் கட்டையை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே வந்தார். குனிந்தபடியே ஏற்றம் முழுதும். அவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. மேலே வந்தபோது அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. திருமணக் காணொளியில் இது யாவும் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். பற்கள் எல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அதை ஒரு முறைதான் பார்த்தேன்.

என் மனக்குறை என்னவென்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மறுநாளே ஊரில் பேச்சு: மருதாசலத்தின் எஞ்சின் பாலத்தடியில் நின்றுபோயிற்றாம், தள்ளிக்கொண்டு போனார்களாம். எஞ்சின்! அந்த எஞ்சினில் ஒரு குற்றமும் இல்லை, இப்போது முடுக்கினாலும் ஒரே முடுக்கில் பிடிக்கும். ஆறுக்குட்டி வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். இன்னொரு கொடுமை கேளுங்கள். அடுத்த முகூர்த்தத்தில் வேறோர் ஊர்வலம், யாரோ ஒருவருடைய புத்தம்புதிய வாடகை வண்டி, பாலத்தடியில் வந்ததும் நிறுத்திவிட்டு ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். என்னவென்று கேட்டால், பெண் வீட்டு முறையாம்.

அதன் பிறகு ஆறுக்குட்டி ஞாயிறுகளில் வரவில்லை. கருணாம்பாள் கேட்டபோது இடுப்பு வலி என்று தொலைபேசியில் சொன்னாராம். எனக்கு அது பேரச்சமாக இருந்தது. அவர் வாயைத் திறந்தால் பேட்டை முழுதும் அறியும். முக்கியமாக, சமையற்கட்டில் நிற்பவர் அறிவார். ஒவ்வொரு முறை தொலைபேசி மணி அடிக்கும்போதும் நான் கூடத்துக்கு வந்து நின்று கேட்பேன். மிளகாய் விலை, பேரன் படிப்பு, இவைதான் பேசினார்கள். ஆறுக்குட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது இன்னும் அச்சமாக இருந்தது.

வண்டிக்குக் குழாயை மாற்றினேன். பழைய குழாய் ஓரிடத்தில் தேய்ந்து வாய் பிளந்திருந்தது. ரப்பர் தேயும், அது அதன் இயல்பு. புதுக்குழாய் பூட்டி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மறுபடி கையை நீட்டிப் பார்த்தேன். தாராளமாக இடம் இருந்தது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? ஆனாலும் தார்ப்பாயைப் போட்டு மூடியே வைத்தேன். அந்தப் பக்கம் போகும்போது வேகமாக நடப்பேன்.

ஆடி பிறந்தது. ஆடியில் திருமணம் இல்லை, நிம்மதி. ஆனால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வண்டி வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றார். அதே மண்டபம், அதே பாலம். நான் ஒப்புக்கொண்டேன். எப்படி ஒப்புக்கொண்டீர் என்று கேட்பீர்கள். மறுத்தால் எஞ்சின் கெட்டது என்பது மெய்யாகிவிடும் அல்லவா? ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. கண்ணை மூடினால் வேர்வையில் நனைந்த ஓர் இரவிக்கை முதுகு. காலை உதறிக்கொண்டு எழுவேன். மெலிந்த சக்கரங்களைத் திரும்பப் பூட்டலாமே என்கிறீர்களா? பூட்டினால் காரணம் கேட்பார்கள். முதலில் கேட்பவர் வீட்டிலேயே இருக்கிறார்.

அவர் கேட்கவில்லை. ஆனால் நான் உதறி எழுந்த ஓர் இரவுக்கு அடுத்த காலையில், கொல்லைப்புறத்தில் நின்று தம்பியோடு தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்பதை நான் கேட்டதில்லை.

ஆடிப்பெருக்கன்று ஆறுக்குட்டி வந்தார். அக்காவுக்குச் சேலை, மஞ்சள் கயிறு, வளையல், மாம்பழம், எல்லாம் முறைப்படி. தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் உண்டார். என்னைக் கேலி செய்யவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கேலியாவது செய்யமாட்டாரா என்று காத்திருந்தேன். கை கழுவிவிட்டு வந்து, அக்காவை ஒரு நாளும் அந்த வண்டி மேடையில் உட்கார வைத்ததில்லையே என்றார். கருணாம்பாள் நாணி மறுத்தார். நான் ஏறும் வயதா என்றார். ஆறுக்குட்டி தார்ப்பாயை உருவிவிட்டு, முக்காலியைப் போட்டு, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வீட்டில் இருந்த இரண்டு அரிசி மூட்டைகளைத் தூக்கிவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு கைவிளக்கை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அடியில படுத்துப் பாருங்க மச்சான். நான் மேல ஏறுறேன்."

எதைப் பார்க்க என்று நான் கேட்கவில்லை. கோணியை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தேன். முகத்துக்கு மேலே என் கையால் பூட்டிய சட்டம், என் கையால் பற்றவைத்த ரிம். விளக்கை இடப்பக்கம் பிடித்தேன். குழாய் வளைந்து தொங்கியது. டயருக்கும் அதற்கும் நடுவே இடம் இருந்தது. முன்பளவுக்கு இல்லை, ஆனாலும் இருந்தது. ஆறுக்குட்டி ஒரு காலை மேலே வைத்தார். வில் பட்டைகள் முனகின. சட்டம் என் மார்பை நோக்கித் தாழ்ந்தது. தொங்கிய குழாய் மடிந்து வயிறு பருத்துச் சக்கரத்தின் பக்கம் புடைத்தது. மறு காலையும் வைத்தார்.

இடம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன், தம்பி. மெதுவாகத்தான் குறைந்தது. ஒரு கதவைச் சாத்துவதுபோல. ஒளிக்கீற்று ஒன்று இருந்தது, பிறகு அது இல்லை. டயர் குழாயின் மேல் சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. புதுக்குழாய். மேலே கருணாம்பாள் எதற்கோ சிரித்தார். இங்கே காற்று நன்றாக வருகிறதே என்று தம்பியிடம் சொன்னார். என் வலது கால் தானாக நீண்டு எதையோ அழுத்தப் பார்த்தது. தரையில் குதிகால் தேய்ந்தது.

"என்ன தெரியுது, மச்சான்?"

ஆறுக்குட்டி அவசரப்படவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. அவருடைய மூச்சு மட்டும் மேலிருந்து கேட்டது. அவ்விடத்தில் கூறுவதற்குரிய சொற்றொடர்கள் பல என்னிடம் உண்டு. பாரம் பற்றியும் அளவு பற்றியும் ரப்பரின் இயல்பு பற்றியும் நான் அங்கே படுத்தபடியே உரை நிகழ்த்தியிருக்க முடியும்.

"உங்கக்காவ எறக்கு, ஆறுக்குட்டி," என்றேன். "மெதுவா எறக்கு. முட்டி வலிக்கும்."

அவர் இறக்கினார். நான் வெளியே வந்து ஜாக்கியை எடுத்தேன். சக்கரங்கள் இரண்டும் அன்று பொழுது சாயுமுன் கழன்றன. அன்று இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் மூன்றாம் நாள், சனிக்கிழமை, ஆடிப் பதினெட்டு.